உப்புவெளி மணலுக்கும் கிரவல் ரோட்டுக்கும் எந்த மொன்ஸ்டர் ட்ரக்?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. மகனுக்கு 12 வயது. ஒரு வருடத்துக்குள் இரண்டு றிமோட் ட்ரக் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். முதலாவது மூன்றாம் நாளே முன்சில்லு கழன்று விழுந்தது, இரண்டாவது திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் ஓடியதோடு சரி, அடுத்த கிழமை அசையவே இல்லை. "எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் உடையாத மொன்ஸ்டர் ட்ரக் எது, பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உடையாதது என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை, ஐந்து மடங்கு காசு கொடுத்தாலும் இல்லை. உங்களுக்குத் தேவை, உடைந்தால் உவர்மலையில் உங்கள் வீட்டு மேசையில் வைத்தே ஒரு பின்னேரத்துக்குள் திருத்தக்கூடிய ட்ரக். கடைக்காரரிடம் போய் "உடையாதது தாருங்கள்" என்றால் அவர் விலை கூடியதை எடுத்து நீட்டுவார், திருத்தலாமா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

நான் தொழிலுக்கு மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஆர்சி, அதாவது றிமோட் வண்டிப் பைத்தியம் பிடித்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். சொந்தமாக நாலு ட்ரக் இருக்கிறது, கழற்றிப் பூட்டியது முப்பதுக்குக் குறையாது, அதில் பாதி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடையது. எல்லாம் பற்றரி வண்டிகள். நைட்ரோ எண்ணெயில் ஓடுகிறதை ஒரே ஒரு தடவைதான் கையில் தொட்டேன், ஆகவே அதைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை.

முதலில் விளையாட்டுச் சாமானையும் உண்மையான ஆர்சியையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். பெட்டிப் படம் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், சேறு தெறிக்கும், நெருப்புப் பறக்கும். கடையிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். ஸ்டியரிங்கை மெல்ல மெல்லத் திருப்புங்கள். சில்லும் மெல்ல மெல்லத் திரும்பினால் உள்ளே சேர்வோ, அதாவது நீங்கள் திருப்பும் அளவுக்கே சில்லைத் திருப்பும் சின்ன மோட்டர், இருக்கிறது. நடுவே ஒன்றும் இல்லாமல் டக்கென்று இடம், டக்கென்று வலம் என்று போனால் அது பொம்மை. அடுத்து வண்டியை மேலிருந்து நெஞ்சு தரையில் முட்டும்வரை அமுக்கி விடுங்கள். எண்ணெய் ஊற்றிய ஷொக் என்றால் நிதானமாக எழும்பும், வெறும் ஸ்பிரிங் என்றால் தவளை மாதிரித் துள்ளும். மூன்றாவதுதான் முக்கியம், இந்த மொடலின் முன் கையும் (முன்சில்லை வண்டியோடு பிடித்திருக்கும் துண்டு) கியரும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் முதல் ட்ரக்கில் போனது அநேகமாக நூறு ரூபாயும் பெறாத ஒரு பிளாஸ்டிக் துண்டாக இருந்திருக்கும். அந்தத் துண்டு கிடைக்காததால் முழு வண்டியும் குப்பை.

அடுத்தது அளவு. பெரிய வண்டி என்றால் பலம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன். வண்டியின் நீள அகல உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் பாரம் எட்டு மடங்காகும், ஆனால் அதைத் தாங்கும் கம்பியின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் கூடும். உண்மையான வண்டியின் பத்தில் ஒன்று அளவு ட்ரக் சாதாரணமாக இரண்டு, இரண்டரைக் கிலோ, எட்டில் ஒன்று ஐந்து கிலோவை நெருங்கும். அந்த ஐந்து கிலோ ஆறடி உயரத்தில் இருந்து ஒரு மூலையில் வந்து விழும்போது எது உடைகிறதோ அதன் விலையும் கூட. வேகமும் அப்படியே. மணிக்கு 30 கிலோமீற்றரில் மதிலில் முட்டுவதற்கும் 60இல் முட்டுவதற்கும் அடி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. மூன்று செல் பற்றரியும் பிரஷ் (மோட்டருக்குள் உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இல்லாத வேகமான மோட்டரும் போட்டுக் கொடுத்தால் பையனுக்கு முதல் நாள் சந்தோசம், இரண்டாம் நாள் உங்களுக்குச் செலவு. முதல் வண்டி பத்தில் ஒன்றுக்கு மேலே போக வேண்டாம், பிரஷ் மோட்டர் போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி வண்டிக்குள்ளே. பழைய சின்ன அவுட்போட் எஞ்சினில் புரொப்பலரைப் பிடித்திருக்கும் ஒரு சின்னப் பின் இருக்கும், படகுக்காரருக்குத் தெரியும். புரொப்பலர் கல்லில் அடித்தால் அந்தப் பின் உடையும், கியர் பெட்டி தப்பும். உடைவதற்கென்றே வைத்த சாமான் அது. நல்ல மொன்ஸ்டர் ட்ரக்கில் அந்த வேலையைச் செய்வது சிலிப்பர் கிளட்ச். பெரிய கியரோடு சேர்ந்திருக்கும் இரண்டு தட்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு நட், அவ்வளவுதான். பிள்ளைகள் வண்டியைப் பாய விடும்போது ஆகாயத்திலும் றிமோட்டின் வேக விசையான ட்ரிகரை விடமாட்டார்கள். சில்லு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே தரையில் விழும், தரை அதைச் சடாரென்று பிடிக்கும், அந்த அதிர்ச்சி கியர்ப் பல்லுக்குத்தான் போகும். கிளட்ச் கொஞ்சம் வழுக்கினால் பல் தப்பும். அதை யாரோ இறுக்கி வைத்திருந்தால் பல் போய்விடும். என் அக்காவின் மகன் ஒரு தடவை நட்டை முழுக்க முறுக்கிவிட்டான், வண்டி துள்ளிக்கொண்டு புறப்படுகிறது என்று ஒரே புளுகம். பின்னேரமே கொண்டு வந்தான். மூடியைத் திறந்தால் உள்ளே தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளைத் தூள், பெரிய கியரில் ஒரு பக்கம் எட்டுப் பத்துப் பல் மொட்டையாக இருக்கிறது.

"அப்படியென்றால் இரும்புக் கியராகப் போட்டுவிடலாமே" என்பீர்கள். டிஃபரென்ஷலுக்கு (இரண்டு பக்கச் சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்ப் பெட்டி) உள்ளே இரும்பு இருக்க வேண்டும், அது சரி. ஆனால் வெளியே இருக்கும் பெரிய கியர் பிளாஸ்டிக்காக இருப்பது கஞ்சத்தனம் இல்லை, அது மலிவு, பத்து நிமிடத்தில் மாற்றலாம். கைகளும் அப்படித்தான். நைலோன் கை அடிபட்டால் வளைந்து திரும்பி வரும். ஒன்லைனில் மினுமினுவென்று நீலத்திலும் சிவப்பிலும் விற்கிற அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான், அதைவிட மோசம், அடியைத் தான் வாங்காமல் பின்னால் இருக்கும் பெட்டிக்குக் கடத்திவிடும். சில்லு பூட்டும் அறுகோணத் துண்டு, ஷொக் மூடி, இந்த இரண்டையும் அலுமினியத்தில் மாற்றினால் பிரயோசனம் உண்டு. மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் எண்ணம். வேறு ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சரி, உப்புவெளி. உங்கள் இரண்டாவது ட்ரக் செத்ததற்கு அடிபட்டது காரணம் இல்லை. "வோட்டர் புரூஃப்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சேர்வோ, ரிசீவர் போன்ற மின்சாமான்களைப் பற்றிய பேச்சு. பெயரிங், இரும்பு ஸ்குரூ, மோட்டரின் பிரஷ் எதையும் அது காப்பாற்றாது. அதுவும் நல்ல தண்ணீருக்குச் சொன்னது. மாரி மழையில் ரோட்டில் நிற்கிற வெள்ளத்தில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காய வைத்தால் ஒன்றும் ஆகாது. கடல் தண்ணீர் அப்படி இல்லை. அது காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும், இரவில் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நனையும். நான் ஒரு ட்ரக்கின் சில்லைக் கழற்றினபோது ஸ்குரூத் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது, பெயரிங்கை விரலில் வைத்துச் சுற்றினால் சுற்றவில்லை, பலமாகத் திருகினபோது கறகற என்று செங்கட்டித் தூள் நிறத்தில் கொட்டியது. கடலில் ஓடி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. படகு எஞ்சினைக் கடலில் இருந்து ஏற்றினதும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுவது எதற்கோ, அதே காரணம்தான் இங்கேயும்.

மணலைப் பற்றி இன்னொன்று. பிரஷ் மோட்டரின் பக்கத்தில் காற்றுப் போக ஓட்டை இருக்கும், உள்ளே காந்தம் இருக்கும். எங்கள் கரையோர மணலில் கறுப்பு மணலும் கலந்திருக்கிறது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் என்ற கனிமத்துக்காக அள்ளுகிறார்களே, அந்த வகை. இல்மனைட்டை மற்ற மணலில் இருந்து பிரிப்பதே காந்தத்தால்தான். ஆக மோட்டர் தானே போய் மணலைத் தேடிப் பிடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நம்பாவிட்டால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு, கறுப்பாகத் தெரிகிற மணலில் இழுத்துப் பாருங்கள். பிரஷ் இல்லாத மோட்டர் பலதும் மூடியே வரும், அந்த ஒரு விஷயத்தில் அது மேல். பிரஷ் மோட்டர்தான் என்றால் பெண்களின் பழைய நைலோன் காலுறைத் துணியில் ஒரு துண்டை வெட்டி மோட்டரின் மேல் இழுத்துக் கட்டலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். காற்று கொஞ்சம் குறையும், மோட்டர் சூடாகும், ஆகவே இன்னும் அடிக்கடி நிறுத்த வேண்டும்.

சூடு என்றதும் சொல்லிவிடுகிறேன். பொடி மணலில் ஓடுவது மோட்டருக்கு மலை ஏறுகிற மாதிரி. அதோடு வைகாசி ஆனி வெயிலும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் ஒருதரம் நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். விரல் நுனியை மோட்டரில் வைத்து மூன்று எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தால் ஓட்டலாம், முடியாவிட்டால் நிழலில் வையுங்கள். அடிக்கடி சூடாகிறது என்றால் மோட்டரில் இருக்கும் சின்னக் கியரை ஒன்று இரண்டு பல் குறைந்ததாக மாற்றுங்கள். வேகம் கொஞ்சம் இறங்கும், மோட்டர் பிழைக்கும். மாற்றும்போது இரண்டு கியரையும் நெருக்கி வைத்து இறுக்க வேண்டாம், நடுவில் கொப்பித் தாள் துண்டு ஒன்றை விட்டு அமுக்கி, ஸ்குரூவை இறுக்கிவிட்டுத் தாளைச் சுற்றி வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் நெளிநெளியாக மடிந்து வந்தால் இடைவெளி சரி. மோட்டரைப் பிடிக்கும் ஸ்குரூவுக்கு நீல நிற ஸ்குரூப் பசை ஒரு சொட்டு. அது இரும்பும் இரும்பும் சேரும் இடத்துக்கு மட்டும், பிளாஸ்டிக்கில் விட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

பற்றரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். லைபோ (லித்தியம் பொலிமர்) பற்றரி நல்ல சாமான், ஆனால் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. ஓட்டாமல் வைக்கிறதென்றால் 3.8 அளவில் வைக்க வேண்டும், ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்துகிற சார்ஜர் வேண்டும், உப்பிய பற்றரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணவே கூடாது. பிழைத்தால் நெருப்பு. கட்டிலில், மெத்தையில், ஆள் இல்லாத அறையில் ஒருபோதும் சார்ஜ் போட வேண்டாம். இதையெல்லாம் பையன் மறப்பான். அதனால் முதல் ஆறு மாதம் நிக்கல் பற்றரியோடு ஓட்ட விடுங்கள். ஆறு செல், 7.2 வோல்ட், கொஞ்சம் பாரம், கொஞ்சம் மெதுவு, ஆனால் ஒரு சின்னப் பிழைக்கு அந்த அளவு கோபப்படாது. ஓடும் நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம். 3000 மில்லி ஆம்பியர் மணி பற்றரி, வண்டி சராசரியாக 12 ஆம்பியர் குடித்தால் 15 நிமிடம். பெட்டியில் எதை எழுதினாலும் கணக்கு இதுதான். இரண்டு பற்றரி வாங்குங்கள்.

இனிப் பெயர்கள். இதுவரை சொன்னது நிச்சயம், இனிச் சொல்வது என் கைக்கு வந்த வண்டிகளை வைத்துச் சொல்லும் அபிப்பிராயம். கிரவல், புல் தரை, வீட்டு வளவு என்றால் ட்ராக்ஸஸ் ஸ்டாம்பீட், இரண்டு சில்லு இழுவை, பிரஷ் மோட்டர். பல வருடமாக அதே அடிப்படையில் வருகிற வண்டி, உள்ளே சாமான் குறைவு, பின்பக்கம் மட்டும் இழுப்பதால் முன்பக்கம் டிஃபரென்ஷலே இல்லை, உடைவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. குறை என்றால் கொஞ்சம் உயரம், வளைவில் உருளும், பொடி மணலில் புதையும். மணலில் ஓட்டாமல் இருக்கவே மாட்டான் என்றால் நாலு சில்லும் இழுக்கும் ஆர்மா கிரானைட், அல்லது ஸ்டாம்பீட்டின் நாலு சில்லு வகை. கூடுதல் சாமான், கூடுதல் சுத்தம் பண்ணும் வேலை, அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். காசு அவ்வளவு இல்லை என்றால் எம்ஜேஎக்ஸ் ஹைப்பர் கோ வரிசையில் பதினாறில் ஒன்று அளவு ட்ரக் இருக்கிறது. அந்த விலைக்கு அது ஆச்சரியமான வண்டி, ஆனால் பிரஷ் இல்லாத மோட்டர், சின்ன உடம்புக்கு வேகம் கூட, சில்லும் சின்னது, கிரவல் கல்லில் தத்தளிக்கும். றிமோட்டில் வேகத்தைக் குறைத்து வைக்க வழி இருந்தால் குறைத்துவிட்டுக் கொடுங்கள். தாமியாவின் லன்ச் பொக்ஸ், க்ளாட் பஸ்டர் இரண்டும் 1987இல் வந்தவை, இன்றும் கிடைக்கின்றன, நீங்களும் மகனும் மேசையில் இருந்து சேர்ந்து பூட்டலாம், அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் மதிலில் இருந்து பாய விடுகிற பிள்ளைக்கு அவை இல்லை. எனக்கு லன்ச் பொக்ஸ் ஒன்று இருக்கிறது, அதை மருமகனிடம் கொடுக்கவே மாட்டேன்.

எதை எடுத்தாலும் வண்டியோடு அதே ஓடரில் முன் கை ஒரு சோடி, பெரிய கியர் இரண்டு, சேர்வோவைக் காக்கும் சேர்வோ சேவர் ஒன்று, பெயரிங் ஒரு செட், நல்ல எலன் கீ, இவற்றையும் சேர்த்து எடுங்கள். தனித்தனியாகப் பிறகு வரவழைத்தால் சாமானைவிட அனுப்பும் கூலியும் சுங்கமும் கூடிவிடும், பையன் இரண்டு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். லித்தியம் பற்றரிக்கு விமானத்தில் கட்டுப்பாடு இருப்பதால் அதை அனுப்பப் பலர் மறுப்பார்கள், நாட்டுக்குள்ளேயே தேடுங்கள். நான் ஒருதரம் மலிவு என்று ஒரு ஒன்லைன் கடையில் கியர் வாங்கினேன், மொடல் பெயர் சரி, பல்லின் அளவு வேறு. படத்தை நம்பாமல் கையேட்டில் இருக்கும் பாக இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பெயரிங் மட்டும் விதிவிலக்கு, ஸ்டாம்பீட்டின் சில்லுக்கு வருவது 5×11×4 மில்லிமீற்றர், அந்த அளவைச் சொன்னால் எந்தக் கொம்பனிப் பெயரும் தேவையில்லை.

மேல்கூடு வெடிக்கும், அது நிச்சயம். வெடித்த இடத்தில் உள்பக்கமாக ஃபைபர் வலைத் துணியை வைத்துச் செருப்பு ஒட்டும் ரப்பர்ப் பசையைத் தடவுங்கள், காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும். வீட்டில் படகு ஃபைபர் ரெசின் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிட வேண்டாம். அது விறைத்துப் போவது மட்டும் இல்லை, அதில் இருக்கும் திரவம் மேல்கூட்டின் பொலிகாபனேற் பிளாஸ்டிக்கையே அரிக்கும். இது ஒரு கூடு போன பிறகு நான் படித்த பாடம்.

ஓட்டும் இடம். கோட்டைக்குள்ளே, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வேண்டவே வேண்டாம். மான்கள் மிரண்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடும், சனமும் திட்டும். ஞாயிறு பின்னேரம் உப்புவெளியிலும் வேண்டாம். இரண்டரைக் கிலோ 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு குழந்தையின் கணுக்காலில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே சில்லை மேலே தூக்கி வைத்து, கொஞ்சம் ட்ரிகரை அமுக்கியபடியே றிமோட்டை நிறுத்திப் பாருங்கள், சில்லு தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கையேட்டைப் பார்த்து அதைச் சரிப்படுத்தும்வரை தரையில் இறக்க வேண்டாம். ஓட்டத் தொடங்கும்போது முதலில் றிமோட், பிறகு வண்டி. முடிக்கும்போது முதலில் வண்டி, பிறகு றிமோட். இதை மாற்றிச் செய்து ஒரு ட்ரக் கிணற்றுக்குள் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வீட்டில் கிடக்கும் அந்தச் செத்த ட்ரக்கை எறிய வேண்டாம். புதியது வரும்வரை பையனிடம் ஒரு ஸ்குரூ டிரைவரும் பழைய முட்டைத் தட்டும் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்து ஸ்குரூ. சில்லைக் கழற்றி, அச்சு சுற்றும் இடங்களை நல்ல தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்த்து, வெயிலில் ஒரு நாள் காய வைத்து, தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விடட்டும். மோட்டரை மட்டும் வெளியே எடுத்து, பற்றரிக் கம்பி இரண்டையும் நேரே அதில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் பழுது மோட்டரில் இல்லை, பலகையிலோ வயரிலோதான், அதைத் திறந்து படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன். சுற்றாவிட்டால் மோட்டரின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை அனுப்புங்கள். அந்த வகை வண்டிகளில் அநேகமாக வருவது சாதாரணச் சின்ன மோட்டர்தான், என்னிடம் பழையது இரண்டு மூன்று கிடக்கிறது.